காடி வாசனை

மழைக்காலம் வந்தால் எங்கள் வீட்டில் மூன்று பொருள்கள் கெட்டுப்போகும்: அப்பளம், தீப்பெட்டி, அப்பாவின் மாத்திரை. முதல் இரண்டையும் என் மனைவி பார்த்துக்கொள்வாள். மூன்றாவதில் யாரும் தலையிட முடியாது. மாத்திரையை அட்டையிலேயே விட்டுவைப்பது அப்பாவுக்குப் பிடிக்காது. கடையிலிருந்து வந்ததும் வராததுமாக ஒவ்வொன்றாய் அமுக்கி எடுத்து, ஒரு சின்னக் கண்ணாடிச் சீசாவில் போட்டு, எத்தனை என்று துண்டுக் காகிதத்தில் எழுதி, அந்தக் காகிதத்தையும் சீசாவுக்குள்ளேயே செருகிவிடுவார். கஜானாவில் 32 வருஷம் பணம் எண்ணிய மனிதர். சில்லறையானாலும் மாத்திரையானாலும் கண்ணுக்கு நேராக இருந்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

போன ஐப்பசியில் நான்கு நாள் விடாத அடைமழை. பேனாவுக்கு மூடி தேடி அவருடைய இழுப்பறையைக் குடைந்தபோது அந்தச் சீசா கையில் அகப்பட்டது. ஏனோ திறந்தேன். குப்பென்று காடி வாசனை. வினிகர் என்கிறோமே, ஓட்டலில் வெங்காயத்தை ஊறப்போட்டுக் கொடுக்கிறார்களே, அதே நெடி. ஊறுகாய் சமாசாரம் எதையோ தவறிப்போய்த் திறந்துவிட்டேனோ என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இல்லை. ஆஸ்பிரின்தான். இதயத்தில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள் அல்லவா, அந்த 2009-ஆம் வருஷத்திலிருந்து தினம் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் விழுங்கிவருகிற 75 மில்லிகிராம்.

அந்த நெடியை என் மூக்கு மறக்கவில்லை. கல்லூரியில் நான் ரசாயனம் படித்தது இரண்டே வருஷம். மூன்றாவது வருஷம் கதை எழுதுகிறேன் என்று கிளம்பிவிட்டேன். ரசாயனம் என்னைக் கழற்றிவிட்டது என்றும் சொல்லலாம். அந்த இரண்டு வருஷத்தில் என் கையால் உருப்படியாகச் செய்த ஒரே பொருள் ஆஸ்பிரின். உருப்படியாக என்பதுகூட மிகை. ஸாலிஸிலிக் அமிலம் என்று ஒரு வெள்ளைப் பொடி; அசிடிக் அன்ஹைட்ரைடு என்று கண்ணைக் கரிக்கும் ஒரு திரவம். இரண்டையும் சேர்த்து, வெந்நீரில் வைத்துச் சூடு காட்டி, குளிர்ந்த நீரில் கொட்டினால் பனிப்பூ மாதிரி வெள்ளையாக இறங்கும். கூடம் முழுவதும் காடி வாசனை. பூரித்துப் போனேன். பேராசிரியர் வந்து, என் பொடியில் ஒரு சிட்டிகை எடுத்து, ஃபெர்ரிக் குளோரைடு ஒரு சொட்டு விட்டார். நாவல் பழம் கசக்கின மாதிரி ஊதா நிறம்.

"தம்பி, இதிலே பாதிதான் ஆஸ்பிரின்" என்றார். "மீதிப் பாதி இன்னும் சட்டை போட்டுக்கொள்ளவில்லை."

விஷயம் என்னவென்றால், ஸாலிஸிலிக் அமிலத்தின் ஓர் ஓரத்தில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் ஜோடியாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த ஜோடி திறந்து கிடந்தால் ஃபெர்ரிக் குளோரைடு அதைப் பிடித்துக்கொண்டு ஊதா காட்டும். அங்கே இருக்கும் ஒரே ஒரு ஹைட்ரஜனை விலக்கிவிட்டு, அந்த இடத்தில் அசிடைல் என்ற துண்டை மாட்டிவிட்டால் அது ஆஸ்பிரின், நிறம் வராது. அசிடைல் என்பது இரண்டு கார்பன், மூன்று ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன், ஆக ஆறே அணுக்கள். காடியின் சாரமான அசிடிக் அமிலத்தில் பெரும்பகுதி இந்தத் துண்டுதான். ஆகவேதான் ஈரக் காற்றுப் பட்டு இந்தத் துண்டு கழன்றால் மாத்திரை காடியாய் நாறுகிறது. ஒரு துண்டு, ஒரு சட்டை. பேராசிரியர் சொன்ன அந்த வார்த்தையை நான் பத்திரமாக வைத்துக்கொண்டேன். பதினைந்து வருஷம் கழித்து அதை எடுத்துப் பிரயோகம் பண்ணினேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

2011-இல் என் தாயாருக்குப் புற்றுநோய் முதுகெலும்பு வரை வந்துவிட்டது. இனி வைத்தியம் இல்லை, வலியைக் குறைக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வலிக்கென்றே வைத்தியம் பார்க்கும் ஒரு லேடி டாக்டரின் முகவரி கிடைத்தது. அவர் மார்ஃபின் மாத்திரை அறுபது எண்ணிக் கொடுத்து, நாலு மணி நேரத்துக்கு ஒன்று, வலி வருகிறதோ இல்லையோ கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்கள் என்றார்.

அன்று சாயங்காலம் கூடத்தில் குடும்பச் சபை கூடியது. அப்பா, அண்ணன், அண்ணி, சித்தி. அம்மா உள்ளறையில் படுத்திருந்தாள். காது நன்றாகக் கேட்கும்.

"மார்ஃபின் என்றால் அபின்தானே?" என்றார் அப்பா.

அபினிலிருந்து வருவது என்ற அளவில் நிறுத்திக்கொண்டிருக்கலாம். ஆனால், பாதிப் படிப்பு யாரைச் சும்மா விட்டது? தினசரிக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் அறுகோணம் அறுகோணமாக வரைந்து, "இதுதான் மார்ஃபின். இதோ இந்த மூலையில் ஒன்று, இந்த மூலையில் ஒன்று, இரண்டு துண்டு மாட்டினால் ஹெராயின். இரண்டு சட்டைதான் அப்பா வித்தியாசம். உள்ளே இருக்கிற ஆள் ஒன்றுதான்" என்றேன். படம் வேறு போட்டுவிட்டேனே, அப்புறம் யார் எதிர்த்துப் பேசுவது? சித்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ராத்திரி பத்து மணிக்கு, அதுவும் தாங்க முடியவில்லை என்றால் மட்டும், பாதி மாத்திரை என்று முடிவாயிற்று. அண்ணி அரிவாள்மணையில் வைத்து நறுக்கிக் கொடுப்பாள்.

அம்மா அழுகிறவள் அல்ல. புடவைத் தலைப்பைச் சுருட்டிப் பல்லில் வைத்துக்கொள்வாள். அறைக்குள் யார் போனாலும் "மணி என்ன?" என்று கேட்பாள். காலை ஏழு மணிக்கும் கேட்பாள், பதினொன்றுக்கும் கேட்பாள், மூன்றுக்கும் கேட்பாள். நோயாளிக்குப் பொழுது போகவில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். ஒன்பது நாள் அப்படி நினைத்துக்கொண்டோம்.

பத்தாம் நாள் அந்த டாக்டர் சொல்லாமல் கொள்ளாமல் ஆட்டோவில் வந்து இறங்கினார். அம்மாவின் முகத்தைப் பார்த்தார்; ஒன்றும் கேட்காமல் அலமாரியிலிருந்த மாத்திரைகளை எடுத்து எண்ணினார். ஐம்பத்தைந்தும் ஓர் அரையும் இருந்தன. ஐம்பத்துநான்கு தீர்ந்திருக்க வேண்டும். ஒரு முழு மாத்திரையை அவரே எடுத்து, அம்மாவின் தலையைத் தூக்கிப் பிடித்து விழுங்க வைத்தார். அதன் பிறகு என்னை வாசல் திண்ணைக்கு அழைத்து வந்தார். என் சட்டைப் பிரசங்கத்தை நான் மறுபடி செய்தேன். இந்தத் தடவை கொஞ்சம் சுருக்கமாக.

"கெமிஸ்ட்ரி படித்தவரா?"

"கொஞ்சம்."

"தெரிகிறது" என்றார். எது தெரிகிறது என்று சொல்லவில்லை. "நீங்கள் சொல்கிற அந்தத் துண்டு ஹெராயினில் இரண்டு இருக்கிறது, வாஸ்தவம். உங்கள் அப்பா தினம் சாப்பிடுகிற இதய மாத்திரையில் அதே துண்டு ஒன்று இருக்கிறது. உங்கள் அம்மாவுக்கு நான் கொடுத்ததில் ஒன்றுகூடக் கிடையாது. துண்டை மட்டும் பார்த்துப் பயப்படுகிறவராக இருந்தால் நீங்கள் அப்பா மாத்திரையைத்தான் முதலில் நிறுத்தியிருக்க வேண்டும்."

அவர் போன பிறகு நான் படிக்க ஆரம்பித்தேன், குற்றம் செய்துவிட்டுச் சட்டம் படிக்கிறவனைப் போல. படித்ததில் முதலில் என் கண்ணில் பட்டது ஒரு தேதி. அல்லது இரண்டு தேதிகள்.

ஜெர்மனியில் எல்பர்ஃபெல்ட் என்ற ஊரில் பேயர் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடம். ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் என்று முப்பது வயது நிரம்பாத ஒரு ரசாயனக்காரர். 1897 ஆகஸ்டு 10-ஆம் தேதி அவர் ஸாலிஸிலிக் அமிலத்தின் மேல் அசிடைல் துண்டை மாட்டி, சுத்தமான ஆஸ்பிரினைச் செய்து குறிப்பேட்டில் எழுதி வைக்கிறார். சரியாகப் பதினோரு நாள் கழித்து, ஆகஸ்டு 21-ஆம் தேதி, அதே துண்டை மார்ஃபின் மேல் இரண்டு இடத்தில் மாட்டுகிறார். பின்னாளில் ஹெராயின் என்று பெயர் வாங்கியது அதுதான். ஒரே மனிதர், ஒரே வித்தை, ஒரே மாதம். கதையில் எழுதினால் என் பத்திரிகை ஆசிரியர் நம்பமாட்டார், அடித்துவிடுவார்.

இரண்டும் ஹாஃப்மனுக்கு முன்பே ஒருமுறை பிறந்தவைதாம். ஆஸ்பிரினை 1853-இல் பிரான்ஸில் கெர்ஹார்ட் அரைகுறைச் சுத்தமாகச் செய்திருந்தார். ஹெராயினை 1874-இல் லண்டனில் ஆல்டர் ரைட் செய்து பார்த்துவிட்டு விட்டிருந்தார். ஹாஃப்மன் எதற்காக ஆஸ்பிரினில் இறங்கினார் என்பதற்கு உருக்கமான ஒரு கதை உண்டு. அவருடைய தகப்பனார் கீல்வாதக்காரர். ஸாலிஸிலிக் அமிலம் அவர் வயிற்றைக் குடைந்தது. பிள்ளை அதற்கு ஒரு சாதுவான உருவம் தேடினார் என்று. இந்தக் கதை அச்சில் வந்தது 1934-இல். அதே கூடத்தில் வேலை பார்த்த ஐக்கன்க்ரூன் என்ற யூதர், தம்முடைய யோசனையின் பேரில்தான் ஹாஃப்மன் அதைச் செய்தார் என்று 1949-இல் எழுதினார். ஹிட்லர் காலத்து முகாமில் கிடந்து மீண்டவர் அவர். எழுதின வருஷமே இறந்தும் போனார். தகப்பனார் கதை பொய்யாகவே இருந்தாலும் எனக்கு அதை விட மனம் வரவில்லை. பெற்றவர்களின் வலிக்கு மருந்து தேடின பிள்ளை என்று ஒருவன் இருந்துவிட்டுப் போகட்டுமே.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. இரண்டு மருந்தும் டிரெஸர் என்ற மருந்தியல் தலைவரின் மேஜைக்குப் போயின. ஆஸ்பிரினைப் பார்த்து, இது இதயத்தைப் பலவீனப்படுத்தும் என்று அவர் முதலில் ஒதுக்கிவிட்டார். ஹெராயின் அவருக்குப் பிடித்துப்போயிற்று. 1898-இல் அது இருமல் மருந்தாக வெளியே வந்தது. காசமும் நிமோனியாவும் கொள்ளை கொண்டுபோன காலம் அது. இருமலை அடக்கும் மருந்துக்கு ஊரெங்கும் கிராக்கி. மார்ஃபினைப் போல அடிமையாக்காது என்று சொல்லியே விற்றார்கள். ஆஸ்பிரின் 1899-இல்தான் கடைக்கு வந்தது. 1913-இல் அந்தக் கம்பெனி ஹெராயின் செய்வதை நிறுத்தும்போது அந்தப் பெயர் நோய் தீர்க்கும் பெயராக இல்லை.

சட்டை என்று நான் சொன்னேனே, டிரெஸரும் ஏறக்குறைய அதையேதான் நினைத்தார். ஆனால் ஆஸ்பிரின் விஷயத்தில். அசிடைல் துண்டு வெறும் போர்வை, ஸாலிஸிலிக் அமிலத்தை முரட்டுத்தனம் இல்லாமல் உள்ளே கொண்டுபோய் விடும், அங்கே கழன்றுவிடும், வேலை செய்வது பழைய ஆசாமிதான் என்பது அவர் கணக்கு. ஹெராயினை மட்டும் அவர்கள் புதிய ஆளாகப் பார்த்தார்கள். உண்மையோ நேர் தலைகீழ். சட்டை என்பது ஹெராயினுக்குத்தான் பொருந்தும். ஆஸ்பிரினில் அந்தத் துண்டு சட்டையே இல்லை.

ஹெராயினை முதலில் முடித்துவிடுகிறேன். மூளையைச் சுற்றிய ரத்தக் குழாய்களின் சுவர் எண்ணெய்ப் பசை கொண்டது. எண்ணெயோடு ஒட்டுகிற பொருள் அதில் சட்டென்று நுழையும். தண்ணீரோடு ஒட்டுகிற பொருள் தயங்கி நிற்கும். மார்ஃபினில் இரண்டு மூலையில் அந்த ஆக்சிஜன் ஹைட்ரஜன் ஜோடி இருக்கிறது. இரண்டும் தண்ணீர்ப் பக்கம் சாய்கிறவை. அதனால் வாசலிலேயே நின்று, ஒவ்வொருவராக உள்ளே போகிற கூட்டம் அது. இரண்டு ஜோடியையும் அசிடைல் போட்டு மூடிவிட்டால் பட்டு அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு கல்யாண வீட்டுக்குள் புகுந்தவன் மாதிரி, யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. உள்ளே போனதும் உடம்பின் என்சைம்கள் அங்கவஸ்திரத்தை உருவிவிடுகின்றன. பந்தியில் போய் உட்காருகிறவன் பழைய மார்ஃபின்தான், அல்லது ஒற்றைச் சட்டையோடு அவன் தம்பி. ஊசியில் ஏற்றினால் ஒரே வீச்சில் மூளை முழுவதும் வெள்ளம் மாதிரி வந்து நிரம்புகிறது. அந்த வேகத்தில் கிடைக்கிற கிறக்கத்துக்காகத்தான் மனிதன் மறுபடி மறுபடி அதைத் தேடிக்கொண்டு போகிறான்.

என் தாயாருக்கு வாய் வழியாகக் கொடுத்த மார்ஃபின் குடலைக் கடந்து, கல்லீரலில் பெரும்பகுதியை இழந்து, மீதியோடு மெள்ள மெள்ள மூளைக்கு நடந்து போகிற யாத்ரிகன். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை அடுத்தவன் வந்து சேர்ந்துகொள்வான். வெள்ளமும் கிடையாது, வறட்சியும் கிடையாது. மார்ஃபினும் பழக்கமாகக் கூடியதுதான், சாதுவல்ல. ஆனால் வலியில் கிடக்கும் நோயாளிக்கு இப்படி அளந்து கொடுத்தால் அவள் அதற்கு அடிமையாவது அபூர்வம். நான் வரைந்த படத்தில் தப்பு எதுவும் இல்லை. கார்பன்கூட எண்ணிக்கை சரி. அந்த இரண்டு துண்டும் என்ன வேலை பார்க்கின்றன என்பதுதான் எனக்குத் தெரியாது.

இனி ஆஸ்பிரின். இது விழுங்கிய பிறகு ரத்தத்தில் முழு உருவத்தோடு உலவுவது அநேகமாகப் பதினைந்து இருபது நிமிஷம். சீக்கிரமே துண்டு கழன்றுவிடும். அந்த இருபது நிமிஷத்துக்குள் அது செய்கிற காரியம் ஒன்று உண்டு. நம் அணுக்களில் காக்ஸ் என்ற என்சைம் இருக்கிறது. அதன் உடம்பில் ஒரு நீண்ட குறுகலான சந்து. கொழுப்பிலிருந்து வரும் ஒரு சரக்கு அந்தச் சந்தின் வழியாக உள்ளே போனால்தான், வலியையும் வீக்கத்தையும் ஜுரத்தையும் கிளப்புகிற பொருள்கள் தயாராகும். ரத்தம் கட்டுகிற பொருளும் அந்த வழியில்தான் தயாராகும். ஆஸ்பிரின் அந்தச் சந்துக்குள் நுழைந்து, சுவரில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் தன் அசிடைல் துண்டைப் பெயர்த்து ஒட்டிவிட்டு வெளியே வந்துவிடும். என்சைம் சங்கிலியில் 530-வது கண்ணி அந்த இடம். ஆட்டின் என்சைமை வைத்து எண்ணிய கணக்கு. அவ்வளவுதான். குறுக்குச் சந்தில் அச்சு முறிந்து நின்ற வைக்கோல் வண்டி மாதிரி அந்தத் துண்டு அங்கே கிடக்கும். பின்னால் ஒன்றும் போக முடியாது.

மற்ற அணுக்கள் சமாளித்துக்கொள்ளும். வேறே என்சைம் செய்துகொள்ளும். ரத்தம் உறையக் காரணமான தட்டணுக்களால் மட்டும் முடியாது. அவற்றுக்கு உட்கரு கிடையாது. புதிதாக எதையும் செய்துகொள்ளும் ஏட்டுச்சுவடி அவற்றிடம் இல்லை. ஆகவே அடைபட்ட தட்டணு அதன் ஆயுள் முழுவதும், ஏறக்குறையப் பத்து நாள், அடைபட்டதுதான். இருபது நிமிஷம் வாழ்ந்த ஒன்று பத்து நாள் நிற்கிற காரியத்தைச் செய்துவிட்டுப் போகிறது. எலும்பு மஜ்ஜையிலிருந்து தினமும் புதுத் தட்டணுக்கள் வந்துகொண்டிருப்பதால் தினமும் ஒரு சின்ன மாத்திரை. ஜுரத்துக்கு 300, 600 என்று கொடுக்கிற மருந்தை இதயத்துக்கு 75 என்று கொடுத்தாலே போதும் என்பதன் சூட்சுமம் இது.

அந்தத் துண்டு இல்லாத வெறும் ஸாலிஸிலிக் அமிலம் இருக்கிறதே, அது ஜுரத்தைத் தணிக்கும், வலியைக் குறைக்கும். தட்டணுவை ஒன்றும் செய்யாது. இதயத்தைக் காக்கிற காரியம் அந்த ஆறு அணுக்களுடையது. இதயத்துக்கு ஆகாது என்று டிரெஸர் ஒதுக்கிய மருந்து! 1971-இல் ஜான் வேன் என்ற ஆங்கிலேயர் இந்தத் தடையைக் கண்டு சொன்னார். 1982-இல் அதற்காக நோபல் பரிசு வாங்கினார். 1988-இல் வெளிவந்த பெரிய பரிசோதனை ஒன்றில், மாரடைப்பு வந்த ஒரு நாளைக்குள் ஆஸ்பிரின் ஆரம்பித்தவர்களில் இதயம், ரத்தக் குழாய் சம்பந்தமான சாவு 23 சதவிகிதம் குறைந்தது. இதற்கெல்லாம் வெகு முன்பே கலிபோர்னியாவில் கிரேவன் என்ற சாதாரண டாக்டர், தொண்டைச் சதை அறுவைக்குப் பிறகு ஆஸ்பிரின் கலந்த சூயிங்கம்மை மெல்லுகிறவர்களுக்கு ரத்தம் நிற்காமல் வருவதைக் கவனித்து, அப்படியானால் இது மாரடைப்பைத் தடுக்குமே என்று யோசித்து எழுதினார். யாரும் பொருட்படுத்தவில்லை. அவர் 1957-இல் மாரடைப்பிலேயே இறந்துபோனது அவருடைய கட்சிக்கு நல்லதாக அமையவில்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் நாளைக் காலையில் கடைக்குப் போய் ஆஸ்பிரின் வாங்க வேண்டாம். வயிற்றின் உள்தோலைக் காப்பதும் அதே சந்துதான். அடைத்தால் புண் வரும், ரத்தம் கசியும். இதய நோயே இல்லாத முதியவர்களுக்குத் தினசரி ஆஸ்பிரினால் லாபத்தைவிட நஷ்டமே என்று 2018-இல் வந்த ஆராய்ச்சிகள் சொல்கின்றன. டெங்குக் காலத்தில் ஜுரத்துக்கு இதைக் கொடுக்காதே என்று நம் ஊர்ச் சுவரெல்லாம் எழுதி வைப்பதும் இதனால்தான்.

மார்ஃபின் குடும்பத்தில் இன்னும் இரண்டு பேரைப் பற்றி ஒரு வார்த்தை. இருமல் மருந்தில் வருகிற கோடீன், மார்ஃபினின் ஒரு மூலையில் ஒரு கார்பனை மாட்டியது. அந்தக் கார்பன் இருக்கிறவரையில் அது பந்தியில் சரியாக உட்காராது. கல்லீரல் அதைக் கழற்றிக் கொஞ்சத்தை மார்ஃபினாக்கித் தர வேண்டும். கழற்றும் என்சைம் பிறவியிலேயே இல்லாதவர்கள் உண்டு. அவர்களுக்கு எத்தனை கோடீன் கொடுத்தாலும் வலி அப்படியே இருக்கும். பொய் வலி என்று வீட்டார் சொல்வார்கள். இன்னொருவர் நலாக்ஸோன். மார்ஃபினின் நடுவில் நைட்ரஜன் மேல் ஒரு கார்பன் உட்கார்ந்திருக்கிறது. முக்கியமாக அதை மாற்றி மூன்று கார்பன் வால் ஒன்றை வைத்ததுதான் இது. அதே நாற்காலியில் போய் அழுத்தமாக உட்காரும், ஒரு வேலையும் செய்யாது, வேறு யாரையும் உட்கார விடாது. ஹெராயின் மிஞ்சி மூச்சு நின்றுகொண்டிருக்கிறவனை இரண்டு மூன்று நிமிஷத்தில் எழுப்பி உட்கார வைக்கிறது. கொல்லுகிறவனும் காப்பாற்றுகிறவனும் ஒரே தாயாதிகள். நாம் குருமாவுக்கு அரைக்கிற கசகசா, அதே செடியின் விதை என்பதையும் சொல்லிவிட்டால் குடும்ப விருத்தாந்தம் முடிந்தது.

பயந்தது நான் மட்டும் அல்ல. ஒரு தேசமே பயந்துதான் இருந்தது. 1985-இல் வந்த போதை மருந்துச் சட்டத்துக்குப் பிறகு மார்ஃபின் வைத்துக்கொள்ள ஆஸ்பத்திரிகள் உரிமத்துக்கு மேல் உரிமம் வாங்க வேண்டியிருந்தது. வாங்குவானேன் என்று பலர் விட்டுவிட்டார்கள். சட்டப்படி அபின் விளைவித்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற இந்த நாட்டில், 1997-ஆம் வருஷம் முழுவதும் செலவான மார்ஃபின் 18 கிலோ. 2014-இல் சட்டத்தைத் திருத்தி வழியைச் சற்று லகுவாக்கினார்கள். ஆனால் எங்கள் வீட்டு அலமாரியில் மருந்து இருந்தது. அதைச் சட்டத்தின் மேல் போட்டுத் தப்பிக்க எனக்கு வழியில்லை.

அந்தப் பத்தாம் நாளிலிருந்து நாலு மணிக்கு ஒரு மாத்திரை கொடுத்தோம். மலம் கட்டிக்கொள்ளும் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லி அதற்கும் மருந்து தந்திருந்தார். முதல் இரண்டு நாள் அம்மா தூங்கித் தீர்த்தாள். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து, தலை வாரிவிடச் சொன்னாள். மோர்க்குழம்பு கேட்டாள். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, பூசணிக்காய் முற்றல் என்று அண்ணியிடம் குறை சொன்னாள். அண்ணி சமையலறைக்குள் போய் அழுதாள். அதற்கப்புறம் நாற்பத்தொரு நாள் இருந்தாள். அந்த நாற்பத்தொரு நாளில் ஒரு தடவைகூட அவள் மணி கேட்கவில்லை.

நேற்று வரை எங்கள் வீட்டில் இதைப் பற்றி யாரும் பேசினது கிடையாது என்று எழுத நினைத்தேன். நேற்று என்பது சரியல்ல. போன ஐப்பசி வரை.

காடி வாசனை வந்த சீசாவை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். அப்பா சாய்வு நாற்காலியில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதைக் கொட்டப் போகிறேன் அப்பா. கெட்டுப்போய்விட்டது."

"ஏன், நன்றாகத்தானே இருக்கிறது? இன்னும் இருபத்தாறு இருக்கிறது."

"வாசனை பாருங்கள். இதயத்துக்கு வேலை செய்கிற துண்டு கழன்று போகிறது, அதுதான் இந்த நெடி. இதற்கப்புறம் தலைவலிக்கு வேண்டுமானால் ஆகும். ஈரம் படாமல் அட்டையிலேயே இருந்தால் இப்படி ஆகாது."

அப்பா சீசாவை வாங்கி முகர்ந்து பார்த்தார். மறுபடி ஒரு தடவை முகர்ந்தார். பிறகு மூடியைத் திருகிக்கொண்டே கேட்டார்:

"அம்மாவுக்குக் கொடுத்த மாத்திரையையும் நான் சீசாவில்தான் போட்டு வைத்திருந்தேன். மழை பெய்த மாதம்தான் அது. அது இப்படி நாறவில்லையே?"

"அதில் இந்தத் துண்டு கிடையாது, அப்பா."

"கிடையாதா?" என்றார். சிறிது நேரம் கழித்து, "காலண்டர் தாளில் இரண்டு போட்டாயே?" என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை. கணக்கு இடித்தால் எப்படிக் கேட்பாரோ அப்படித்தான் கேட்டார்.

"அது வேறே மருந்துக்கு" என்றேன்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சீசாவை என்னிடம் நீட்டினார். அன்று மாலை கடையிலிருந்து புது அட்டை வந்தது. அதைப் பிரிக்காமல், முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, அப்படியே இழுப்பறையில் வைத்தார்.